குடிசைக்கும் மாளிகைக்கும் நடுவே

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னுடைய பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவன் கையில் ஒரு தட்டு. தட்டு நிறையப் பழமும் வெற்றிலை பாக்கும் இருந்தன. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறான் என்று எண்ணி, "பெண் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவன் சற்று நாணத்துடன் சிரித்து, "பெண் இல்லை, ஸார்! தேர்தல்!" என்றான்.

அவனுக்கு இருபத்தைந்து வயது நிரம்பி இரண்டு மாதந்தான் ஆகிறது. சட்டசபைக்கு நிற்பதற்கு நம் அரசியல் சட்டத்தின் 173-வது ஷரத்து விதித்திருக்கும் வயது அதுதான். பிள்ளையாண்டான் காலண்டரில் தேதியைக் கிழித்துக்கொண்டே காத்திருந்தான் போலும். "உங்கள் ஆசீர்வாதம் வேண்டும், பிரசங்கத்தில் சொல்வதற்கு நல்ல உதாரணமாக ஒன்றும் வேண்டும்" என்றான்.

உதாரணம் கேட்டால் உபாத்தியாயருக்கு உண்டாகும் உற்சாகம், பசித்தவனுக்கு இலை போட்டால் உண்டாகும் உற்சாகத்துக்குக் குறைந்ததல்ல. நான் உடனே ஆபிரகாம் லிங்கனை எடுத்துக்கொண்டேன். மரக்கட்டைக் குடிசையில் பிறந்தது, அடுப்பு வெளிச்சத்தில் படித்தது, கோடரி பிடித்த கையால் ஜனாதிபதி மாளிகையின் கதவைத் திறந்தது, அடிமைகளின் விலங்கைத் தறித்தது என்று, இருபது வருஷமாக வகுப்பில் சொல்லி வரும் அதே பாடத்தை அதே ஏற்ற இறக்கங்களுடன் சொல்லி முடித்தேன். வகுப்பாக இருந்தால் அந்த இடத்தில் மணி அடித்திருக்கும். வீட்டில் மணி இல்லை. ஆகையால் பையன் ஒரு கேள்வி கேட்டுவிட்டான்.

"அந்தக் குடிசைக்கும் அந்த மாளிகைக்கும் நடுவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், ஸார்? என்னைப்போல் சட்டசபைக்கு நின்றதுண்டா?"

நின்றதுண்டு என்று மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், "இரண்டு வாரம் கழித்து வா, அப்பா!" என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு வாரமும் நான் படித்த விஷயம் என்னுடைய இருபது வருஷத்துப் பாடத்தை மிகவும் இளைக்கச் செய்துவிட்டது. நேயர்களிடம் அதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

லிங்கன் முதன்முதலில் சட்டசபைக்கு நின்றது 1832-ஆம் வருஷம். வயது இருபத்துமூன்று. இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் ஸாங்கமன் என்று ஒரு நதி. அதன் கரையில் நியூ ஸேலம் என்று ஒரு குக்கிராமம். அங்கே வந்து ஒரு வருஷங்கூட நிரம்பாத ஒரு கடைச் சிப்பந்தி ராஜ்ய சட்டசபைக்கு அபேட்சகனாக நின்றால் அதை விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விளையாட்டாக நிற்கவில்லை. பத்திரிகையில் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். ஸாங்கமன் நதியை ஆழப்படுத்தி, வளைவுகளை நேராக்கி, நீராவிக் கப்பல் வரும்படி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வருஷம் வசந்த காலத்தில் 'டாலிஸ்மன்' என்ற சிறு கப்பல் ஒன்று அந்த நதியில் உண்மையாகவே வந்தது. ஜில்லாவே கரையில் கூடி ஆரவாரித்தது. ஆனால் தண்ணீர் வடியத் தொடங்கியதும் கப்பல் வந்த வழியே பின்னோக்கி நகர வேண்டியதாயிற்று. நியூ ஸேலம் அணையில் ஒரு பகுதியை உடைத்து அதை வெளியே அனுப்பினார்கள். அந்தக் கப்பலுக்கு வழி காட்டியவர்களில் நமது அபேட்சகரும் ஒருவர்! இருந்தாலும் நதியை விட்ட பாடில்லை. இந்தப் பிடிவாதத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது ஒரு ராஜ்யத்தின் தலையிலேயே வந்து விடிந்தது.

அந்தத் தேர்தலில் பதின்மூன்று அபேட்சகர்கள். லிங்கன் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் நியூ ஸேலம் வட்டத்தில் பதிவான 300 வோட்டுகளில் அவருக்கு விழுந்தவை 277. தெரிந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள், தெரியாதவர்கள் போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஜனங்கள் நேரடியாகப் போட்ட வோட்டில் தாம் தோற்றது வாழ்நாளில் அது ஒரு தடவைதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த இரண்டு வருஷம் பிழைப்புக்குப் பட்ட பாடு. கூட்டாளி ஒருவருடன் கடை வைத்தார். கடை முழுகியது, கூட்டாளியும் இறந்துபோகவே அவருடைய பங்குக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது. மொத்தம் ஆயிரம் டாலருக்கு மேல். அதை அவர் 'தேசியக் கடன்' என்று பரிகாசமாகச் சொல்வாராம். தபால் உத்தியோகம் பார்த்தார். நில அளவைக்குப் போனார். கடன்காரர்கள் குதிரையையும் அளவைக் கருவிகளையும் ஏலத்துக்குக் கொண்டு வந்தபோது, ஒரு நண்பர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனால் இந்தத் தபாலும் அளவையும் ஒரு நன்மை செய்தன. ஜில்லாவில் ஒவ்வொரு வீட்டு வாசலும் அவருக்குத் தெரிந்த வாசலாயிற்று. 1834-இல் மறுபடியும் நின்றபோது, பதின்மூன்று பேரில் இரண்டாவதாக வந்து ஜயித்தார். வயது இருபத்தைந்து!

ஜயித்தாயிற்று, சட்டசபைக்குப் போட்டுக்கொண்டு போக உடுப்பு இல்லை. கோல்மன் ஸ்மூட் என்ற விவசாயியிடம் 200 டாலர் கடன் வாங்கி, அதில் 60 டாலருக்கு ஒரு நல்ல உடுப்புத் தைத்துக்கொண்டார். அப்போது வான்டாலியா என்ற ஊர் ராஜ்யத்தின் தலைநகரம். அங்கத்தினருக்குப் படி நாள் ஒன்றுக்கு மூன்று டாலர்.

முதல் கூட்டத்தில் அவர் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். மசோதாவுக்கு வாசகம் அமைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு, எழுதத் தெரியாத அங்கத்தினர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஜான் ஸ்டூவர்ட் என்ற சக அங்கத்தினர் சட்டம் படிக்கும்படி தூண்டி, தம்முடைய புத்தகங்களையும் இரவல் கொடுத்தார். சபை கலைந்ததும் நில அளவைக் கருவிகளுடன் சட்டப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு திரிந்தார் லிங்கன். 1836 செப்டம்பரில் வக்கீல் சன்னது கிடைத்தது. ஆக, சட்டம் செய்ய ஆரம்பித்த பிறகே சட்டம் படிக்கத் தொடங்கினார். நம்மவர் பலர் இந்த முறையில் முதல் பாதியை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

1836-இல் அவருடைய ஜில்லாவில் பதினேழு அபேட்சகர்கள். எல்லாரிலும் அதிக வோட்டு லிங்கனுக்குத்தான். அந்தத் தடவை விட்ட அறிக்கையில், வரி கொடுக்கிற அல்லது ஆயுதம் தாங்குகிற எல்லா வெள்ளையருக்கும் வோட்டுரிமை வேண்டும், பெண்களும் அதற்கு விலக்கல்ல என்று எழுதினார். பெண்கள் விஷயத்தில் காலத்துக்கு எவ்வளவோ முந்திக்கொண்டவர், 'வெள்ளையர்' என்ற வேலியைத் தாண்டவில்லை. குடிசையிலிருந்து கிளம்பும்போதே விலங்கைத் தறிக்கும் கோடரியும் கையுமாகக் கிளம்பினார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தது பொய்.

இனி, 1837-ஆம் வருஷத்துப் பனிக்காலத்துக்கு வருவோம். சட்டசபை மெம்பராக அவர் இருந்த எட்டு வருஷத்தில் உயிரான காலம் அந்த மூன்று மாதந்தான்.

ஸாங்கமன் ஜில்லாவிலிருந்து கீழ்ச் சபைக்கு ஏழு பேரும் மேல் சபைக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒன்பது பேரும் நெடியவர்கள். மொத்த உயரத்தைக் கூட்டினால் ஐம்பத்துநாலு அடி. 'நெட்டை ஒன்பதின்மர்' என்றே ஊர் பெயர் வைத்துவிட்டது. அவர்களுக்குத் தலைவர் போல் நின்றவர் லிங்கன். அவர்கள் வந்த நோக்கம் ஒன்றே ஒன்று: தலைநகரத்தை வான்டாலியாவிலிருந்து தங்கள் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

வான்டாலியாவுக்கு அளித்திருந்த இருபது வருஷத் தவணை முடிவதற்குச் சில வருஷமே பாக்கி. அந்த ஊர் ஜனங்கள் பாவம், பயந்துபோய், தலைநகரம் தங்களை விட்டுப் போகாமலிருப்பதற்காகப் புதிய சட்டசபை மண்டபம் ஒன்றை அவசர அவசரமாக எழுப்பினார்கள். சபை கூடியபோது சுவரில் சுண்ணாம்பின் ஈரங்கூட உலரவில்லையாம். அந்த ஈரச் சுவர்களுக்குள் உட்கார்ந்துதான் ஒன்பது நெட்டையர்களும் அந்த ஊரின் சீட்டைக் கிழிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. யாத்திரிகர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே கூட்டத்தில் இன்னொரு பெரிய மசோதாவும் வந்தது. ராஜ்யம் முழுவதும் இரயில் பாதைகள், கால்வாய்கள், நதிச் சீர்திருத்தங்கள்! இதற்காக ஒரு கோடி டாலர் கடன் வாங்குவது! எந்த ஜில்லாவுக்கு இரயிலும் இல்லை, கால்வாயும் இல்லையோ, அந்த ஜில்லாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இரண்டு லக்ஷம் டாலர்! அப்போது அந்த ராஜ்யத்தின் ஜனத்தொகை, மூன்று வருஷம் கழித்து 1840-இல் எடுத்த கணக்கிலேகூட, ஐந்து லக்ஷத்தை எட்டவில்லை. கவர்னர் எதிர்த்தார். மறுத்தனுப்பிய மசோதாவைச் சபை மீண்டும் நிறைவேற்றியது. 'ராஜ்யம் முழுவதும் மலர்ந்துவிடப் போகிறது' என்று வான்டாலியாவில் வாணவேடிக்கையாகப் பேச்சு நடந்த நாட்கள் அவை. நியூயார்க் ராஜ்யத்தில் ஈரி கால்வாயை வெட்டுவித்த டிவிட் கிளின்டனைப்போல் இல்லினாய்ஸுக்குத் தாம் ஆக வேண்டும் என்பது தம்முடைய ஆசை என்று லிங்கன் ஒரு நண்பரிடம் சொன்னதுண்டு. ஸாங்கமன் நதியில் முட்டிக்கொண்டு நின்ற கப்பலை அவர் மறக்கவில்லை என்பதற்கு வேறு ருசு வேண்டியதில்லை.

பிப்ரவரி 27-ஆம் தேதி அந்தக் கடன் மசோதா சட்டமாயிற்று. மறுநாள், 28-ஆம் தேதி, இரண்டு சபையும் சேர்ந்து வோட்டெடுத்ததில் நாலாவது சுற்றில் தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு என்று முடிவாயிற்று. 'உன் ஊருக்கு இரயில். என் ஊருக்குத் தலைநகரம்' என்று நெட்டையர்கள் வோட்டுக்கு வோட்டு மாற்றிக்கொண்டார்கள் என்பது அந்தக் காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டு. அப்படி நடந்தது என்று சில சரித்திராசிரியர்கள் சொல்லுகிறார்கள். சாட்சியம் போதாது என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் நாளும் மறுநாளுமாக அந்தத் தேதிகள் கைகோத்து நிற்கிற அழகைப் பார்த்தால் எனக்குச் சந்தேகந்தான்.

ஒரு கோடி டாலர் கடனுக்கு வோட்டுப் போட்டவர் ஏப்ரல் மாதம் இரவல் குதிரை ஒன்றில் ஏறி ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடியேறினார். ஜாஷுவா ஸ்பீட் என்பவரின் கடையில் படுக்கைக்கு என்ன விலை என்று விசாரித்தார். பதினேழு டாலர் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார் கடைக்காரர். அவ்வளவு பணம் கையில் இல்லை. கடனாகத் தந்தால் வக்கீல் தொழில் நடந்தால் தருகிறேன் என்றார் லிங்கன். அவருடைய முகத்தில் தெரிந்த வாட்டத்தைக் கண்டு இரங்கிய ஸ்பீட், மாடியில் தம்முடைய அறையிலேயே இடம் கொடுத்தார்.

ஏப்ரலில் குடியேறினார், மே மாதத்தில் அமெரிக்கா தேசமெங்கும் பாங்கிகள் முறிந்தன. கடனுக்கு வாங்கிய பணம் எங்கே போயிற்று என்று தெரியாமல் இல்லினாய்ஸ் முழுவதும் பாதி வெட்டிய மேடுகளும் பள்ளங்களுமாக நின்றன. திட்டத்தில் கண்ட இரயில் பாதைகளில் மெரடோஸியா என்ற ஊருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இடையே ஒரு துண்டுதான் முடிந்தது. அதையும் 1847-இல் போட்ட முதலில் அற்பப் பகுதிக்கு ஏலத்தில் விற்றார்கள். 1840-களின் தொடக்கத்தில் ராஜ்யம் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தது. லிங்கனோ விடவில்லை. பாதியில் நிறுத்தக்கூடாது என்று வாதாடினார். 1839-இல், ராஜ்யத்திலுள்ள மத்திய சர்க்கார் நிலம் சுமார் இரண்டு கோடி ஏக்கரை ஏக்கர் கால் டாலர் வீதம் வாங்கி, லாபத்துக்கு விற்றுக் கடனைத் தீர்க்கலாம் என்று ஒரு யோசனை கொண்டு வந்தார். கடனைத் தீர்க்க இன்னொரு கடன்! நம்முடைய ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் இந்த யோசனையைக் கேட்டால் கட்டித் தழுவிக்கொள்வார்கள். நல்ல வேளையாக அது நிறைவேறவில்லை.

தம்முடைய கடைக் கடனை அவர் வருஷக்கணக்காக மிச்சம் பிடித்துத் தாமே தீர்த்தார். தாம் வோட்டுப் போட்டு வாங்கின கடனை, அவர் இறந்து பதினைந்து வருஷத்துக்கும் பிறகு, 1880-களில்தான் இல்லினாய்ஸ் ஜனங்கள் கட்டி முடித்தார்கள். அவருடைய முகத்தையே பார்த்திராத விவசாயிகள் கட்டினார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தியிருந்தால், என் மாணாக்கனுக்கு வேறு உதாரணம் தேடியிருப்பேன். ஆனால் அதே பனிக்காலத்தில், அதே ஈரச் சுவருக்குள், இன்னொரு காரியம் நடந்தது.

அடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்று வடக்கே சங்கங்கள் தோன்றியிருந்தன. தென் ராஜ்யங்கள் கொதித்துப் போய், அந்தச் சங்கங்களைக் கண்டிக்க வேண்டும் என்று மற்ற ராஜ்யங்களுக்கு எழுதின. இல்லினாய்ஸில் பெயருக்கு அடிமை முறை கிடையாது. ஆனால் ஜனங்களில் பெரும்பாலார் கென்டக்கி முதலிய தென்பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கறுப்பு மக்களை ஒடுக்கும் சட்டங்கள் அங்கேயும் இருந்தன. சட்டசபையில் ஒரு தீர்மானம் வந்தது: ஒழிப்புச் சங்கங்களை நாங்கள் வெறுக்கிறோம், அடிமைகளின் மேல் எஜமானர்களுக்குள்ள சொத்துரிமை புனிதமானது. 1837 ஜனவரி 20-ஆம் தேதி வோட்டெடுத்தார்கள். ஆதரவு 77, எதிர்ப்பு 6. மேல் சபையில் எதிர்ப்பே கிடையாது.

அந்த ஆறு பேரில் ஒருவர் லிங்கன்.

தேதியைக் கவனிக்க வேண்டும். தலைநகர வோட்டு இன்னும் வரவில்லை. அதற்கு இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது. அந்த எழுபத்தேழு பேரில் ஒவ்வொருவருடைய தயவும் அவருக்கு வேண்டியிருந்தது. அன்று அவர் வாய் திறந்து பெரிய பிரசங்கம் எதுவும் செய்ததாகக் காணோம். இல்லை என்று வோட்டுப் போட்டார், உட்கார்ந்தார்.

பிறகு தலைநகர விஷயம் முடிந்தது. முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 3-ஆம் தேதி, சபை கலைவதற்கு இன்னும் மூன்று நாளே இருக்கும்போது, ஓர் ஆட்சேபக் குறிப்பு நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியது. அதில் இரண்டே கையெழுத்து. ஒன்று டான் ஸ்டோன் என்பவருடையது. அவரும் நெட்டை ஒன்பதின்மரில் ஒருவர். நீதிபதி உத்தியோகத்துக்குப் போகிறவராகையால் மறு தேர்தலில் வோட்டுக் கேட்க வேண்டிய கவலை இல்லாதவர். மற்றொன்று லிங்கனுடையது, அவருக்கு அந்தக் கவலை நிறைய உண்டு.

குறிப்பில் என்ன இருந்தது? சிங்க கர்ஜனையை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். அடிமை முறை அநீதியின் மீதும் கெட்ட ராஜதந்திரத்தின் மீதும் நிற்பது என்று ஒரு வாக்கியம். அதற்குப் பக்கத்திலேயே, ஒழிப்புவாதிகளின் பிரசாரம் அந்தத் தீமையைக் குறைப்பதற்குப் பதில் வளர்க்கத்தான் செய்யும் என்று இன்னொரு வாக்கியம். ராஜ்யங்களுக்குள் இதில் தலையிட மத்திய சட்டசபைக்கு அதிகாரமில்லை. வாஷிங்டன் நகரமுள்ள பிரதேசத்தில் அதிகாரம் உண்டு, ஆனால் அங்குள்ள ஜனங்கள் கேட்டாலன்றி அதை உபயோகிக்கக் கூடாது. இவ்வளவுதான். வக்கீல் சன்னது வாங்கி ஆறு மாதம் ஆன ஒருவர் அளந்து அளந்து எழுதின பத்திரம். அங்கே ஒரு முழம் கொடுத்து, இங்கே ஒரு சாண் வாங்கியிருக்கிறார்.

முதலில் படித்தபோது எனக்குச் சற்றுக் கசப்பாகக்கூட இருந்தது. 'பேரம் முடிகிற வரையில் மனச்சாட்சியைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாரே!' என்று தோன்றியது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால், இருபது வருஷ உத்தியோகத்தில் நானும் ஒரு தீர்மானத்துக்கு வோட்டுப் போட்டவன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மேல் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை என்று ஒன்று நடந்ததாகச் சொன்னார்கள். பையனைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று முழுவதும் அவன் என் வகுப்பில்தான் இருந்தான். சாயங்காலம் உபாத்தியாயர்கள் கூட்டம். பையனுக்குச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று தீர்மானம். தலைமை ஸ்தானத்தில் இருந்தவர் கைகளை எண்ணினார். இருபத்திரண்டு பேர் இருந்தோம். இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. என்னுடைய கை மிகவும் மெதுவாக உயர்ந்தது. ஆனால் எண்ணுகிறவர் வேகத்தை எண்ணுவதில்லை. அந்த மாதம் எனக்கு உத்தியோகம் நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஆயிற்று; நிரந்தரமும் ஆயிற்று. அதன் பிறகாவது, மினிட் புத்தகத்தில், 'பையனை விசாரிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தப் புத்தகம் வருஷக்கணக்காக என் மேஜைக்கு எதிர் அலமாரியில்தான் இருந்தது. பையன் எந்த ஊருக்குப் போனான் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய அப்பா வாசலில் நின்று சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் லிங்கனுடைய குறிப்பை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பேரம் முடிந்த பிறகுதான் எழுதினார், வாஸ்தவம். ஆனால் எழுதினார். பேரம் முடிந்த பிறகு எழுத வேண்டிய அவசியம் என்ன? தீர்மானம் நிறைவேறி ஆறு வாரம் ஆகிவிட்டது. அதை யாரும் மறுபடி எடுக்கப் போவதில்லை. அவருடைய ஜில்லாவில் இந்தக் குறிப்பினால் ஒரு வோட்டுக் கூடப் போவதில்லை, குறைந்தால் குறையலாம். லாபம் என்று தேடினால் ஒரு காசுகூட அகப்படவில்லை. அந்த வருஷம் நவம்பரில் அதே இல்லினாய்ஸில், ஆல்டன் நகரத்தில், அடிமை முறைக்கு எதிராகப் பத்திரிகை நடத்திய எலைஜா லவ்ஜாய் என்பவரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. காற்று அப்படி வீசிக்கொண்டிருந்தது.

அந்தக் குறிப்பை யாரும் அன்று பொருட்படுத்தவில்லை. இருபத்துமூன்று வருஷம் கழித்து, 1860-இல், ஜனாதிபதி தேர்தலுக்காகத் தம் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுக்க நேர்ந்தபோது, லிங்கன் அதை ஞாபகமாக எடுத்துக் காட்டினார். அன்று சொன்னது எதுவோ அதுவரையில் இன்றும் அதே அபிப்பிராயந்தான் என்றார்.

எட்டு வருஷமும் இப்படியே உயர்ந்துகொண்டு போனார் என்று நினைக்க வேண்டாம். அவர் சேர்ந்த விக் கட்சிக்குச் சபையில் அவரே தலைவரானார். இரண்டு தடவை சபாநாயகர் ஸ்தானத்துக்கு நின்றார். இரண்டு தடவையும் தோற்றார். 1840 டிசம்பரில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் புதிய மண்டபம் முடியாததனால் சபை ஒரு தேவாலயத்தில் நடந்து வந்தது. அந்த விசேஷக் கூட்டம் அன்றைக்கு முடிந்துவிட்டால், நோட்டுக்கு வெள்ளி கொடுக்க வேண்டிய கட்டாயம் ராஜ்யப் பாங்கிக்கு வந்துவிடும். பாங்கிக்குப் பரிந்து வந்த விக் கட்சியார், போதிய எண்ணிக்கை சேராதபடி சபைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். வேவு பார்ப்பதற்காக லிங்கனும் இன்னும் இரண்டொருவரும் மாத்திரம் உள்ளே இருந்தார்கள். எண்ணிக்கை எப்படியோ சேர்ந்துவிட்டது. கதவு மூடப்பட்டிருந்தது. உடனே நமது கதாநாயகர் ஜன்னலைத் திறந்து வெளியே குதித்தார்! குதித்தும் பயனில்லை; அதற்குள் அவர் பெயரையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். அவருடைய கால்கள் ஜன்னலிலிருந்து தரை வரையில் எட்டுமாதலால் அபாயம் ஒன்றுமில்லை, இனிமேல் சபைக்கு ஒரு மாடி உயர்த்திக் கட்ட வேண்டும் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை பரிகாசம் செய்தது. எந்தக் கதையையும் சிரித்துக்கொண்டே சொல்லும் லிங்கன், இந்தக் கதையை யாராவது எடுத்தால் மட்டும் முகம் சுளிப்பாராம்.

அந்த வருஷத் தேர்தலில், அவருடைய ஜில்லாவில் ஜயித்த ஐந்து பேரில் குறைந்த வோட்டு அவருக்குத்தான். 1842-இல் அவர் நிற்கவில்லை. பிறகு 1854-இல் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டும், மத்திய செனட் ஸ்தானத்துக்கு நிற்பதற்காக அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். செனட் ஸ்தானமும் கிடைக்கவில்லை. ஜனாதிபதியானதும், 1863 ஜனவரி முதல் தேதி விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதும் என் பழைய பாடத்தில் இருக்கின்றன. அங்கே நான் ஒன்றும் திருத்த வேண்டியதில்லை.

சொன்னபடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலைச் சொன்னேன், ஒரு கோடி டாலரைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். எழுபத்தேழுக்கு ஆறு என்று சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. சற்று நேரம் பேசாமலிருந்தான்.

"நம் நாட்டில் இப்போது அப்படி முடியாதே, ஸார்! 1985-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வோட்டுப் போட்டால் ஸ்தானமே போய்விடுமே?" என்றான்.

"வோட்டுப் போட்டால்தானே?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "அந்தக் குறிப்பில் இருந்ததை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், ஸார்" என்றான். சொன்னேன். எழுதிக்கொண்டான். அங்கே ஒரு முழம், இங்கே ஒரு சாண் என்று நான் பரிகசித்த இடத்தைக்கூட விடாமல் எழுதிக்கொண்டான். பிரசங்கத்தில் சொல்வதற்கு இது லாயக்கில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கைதட்டல் விழுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

அவன் போன பிறகு, காபித் தம்ளரை எடுக்க வந்த என் மனைவி கேட்டாள்:

"அந்தப் பள்ளிக்கூடத்துப் பையனுடைய விஷயத்தை இவனிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் பதிலுக்காக நிற்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, "அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்றானே" என்று மட்டும் சொன்னாள்.